அப்பப்பாட கத்திகள கிரைண்டருக்குக் குடுக்க முதல் இத வாசிங்க

திருக்கோவில்ல பழைய வீட்ட இடிக்கக்குள்ள பறணுக்குள்ள இருந்து உங்கட அப்பப்பாட வெட்டுக்கத்தி, ஒரு குசினிக் கத்தி, அம்மம்மாட பாக்குவெட்டி, இங்கிலீசு எழுத்து அடிச்ச, மடங்கிற ஒரு வில்லுக்கத்தி எண்டு நாலு சாமான் வந்திருக்கு, சுனாமிக்குப் பிறகு சேத்துக்குள்ள இருந்து பொறுக்கிப் போட்டது, எல்லாம் கறள், வெட்டுக்கத்திட பிடி ஆடுது. அண்ணன் அக்கரைப்பற்றுக்குக் கொண்டு போய் கிரைண்டர்ல மினுக்கி எடுப்பம் எண்டு நிக்கிறார், குடுக்கலாமா எண்டு கேட்டிருக்கீங்க. குடுக்காதீங்க தம்பி. கடைக்காரர்ல குறை சொல்லல்ல, அவங்கட வேல இரும்புக் கேட்டு, கம்பி, மம்பெட்டி. பழைய கத்திக்கு அந்த மெசின் ஆகாது, ஏன் எண்டு சொல்லுறன்.

அந்தக் காலத்துக் கொல்லன் கத்திய நல்லா செந்தணலா காய்ச்சி, 800 பாகை செல்சியஸ் அளவுக்கு வந்தாப்புறம்தான் தண்ணியிலயோ எண்ணெயிலயோ தோய்ச்சு எடுப்பார். அப்ப உருக்கு கண்ணாடி மாதிரி இறுகி நொறுங்குற பதத்துக்குப் போயிரும். மறுகா அத லேசா சூடாக்கி அந்த நொறுங்குற குணத்தக் குறைப்பார். உருக்கிட மேல்ல ஓடுற நிறத்தப் பாத்துத்தான் இந்தப் பதத்தக் கண்டுபிடிக்கிறது, 230 பாகை கிட்ட வைக்கோல் மஞ்சள், இன்னும் ஏறினா கபிலம், ஊதா, 300 கிட்ட நீலம். கூரான கத்தி வேணுமெண்டா மஞ்சள்லயே நிப்பாட்டோணும், அடிதாங்க வேண்டிய வெட்டுக்கத்தி எண்டா கொஞ்சம் கூட விடலாம். இப்ப கிரைண்டர யோசிச்சுப் பாருங்க. கத்தி வாய் கடுதாசி மாதிரி மெல்லிசு, அந்த இடத்துல சக்கரம் பட்டா ஒண்டு ரெண்டு செக்கன்ல நீலம் ஓடிரும். நீலம் ஓடின இடம் பதம் போன இடம், அதுக்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது, ரெண்டு தேங்காய் வெட்ட மழுங்கிரும். நீலத்த மினுக்கி எடுத்தா கண்ணுக்குத்தான் தெரியாது, உள்ளுக்கு பதம் திரும்பி வராது. மற்றது கிரைண்டர் தின்ன இரும்பு தின்னதுதான். ஐம்பது அறுபது வருசம் தீட்டித் தீட்டி ஏற்கனவே தேஞ்ச கத்தில அள்ளி எடுக்க என்ன மிச்சம் இருக்கு?

அதனால என்ட ஒரே கொள்கை, எவ்வளவு குறைவா எடுக்க ஏலுமோ அவ்வளவு குறைவா எடுக்கிறது. சிவப்புக் கறள் போகோணும், கறுப்பு நிக்கோணும், கூர் வரோணும், பிடி இறுகோணும். கண்ணாடி மாதிரி மினுங்கத் தேவையில்ல.

கைவைக்க முதல் ரெண்டு மூண்டு விசயம் பாருங்க. முதலாவது வெடிப்பு. அலகத் துடைச்சு மண்ணெண்ணெய் தடவி அஞ்சு நிமிசம் விடுங்க, மறுகா வறண்ட சீலத்துண்டால நல்லாத் துடைச்சுப்போட்டு பள்ளிக்கூடச் சோக்கத் தூளாக்கி மேல பூசி வைங்க. வெடிப்பு இருந்தா அதுக்குள்ள ஊறின மண்ணெண்ணெய் திரும்பி வெளிய வந்து சோக்குல மயிர்க்கோடு மாதிரி ஒரு ஈரக்கோடு விழும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இதுல தெரியும். வாயில சின்ன வெடிப்பு எண்டா தீட்டத் தீட்டப் போயிரும். பிடிக்குக் கிட்ட, கழுத்துல குறுக்கால ஓடியிருந்தா அந்தக் கத்தியால மரம் கொத்த ஒண்ணா, ஓங்கி வெட்டக்குள்ள அலகு பறந்தா யார்ல படும் எண்டு சொல்லேலா. அத சுவர்ல வைங்க, அது மரியாதைதான்.

ரெண்டாவது, வாய் இன்னும் இறுக்கமா இருக்கா எண்டு. ஒரு சின்ன அரத்த எடுத்து வாய்க்குக் கிட்ட மெதுவா ஒருக்கா இழுங்க. வழுக்கிக்கொண்டு போனா இறுக்கம் இருக்கு, வெண்ணெய்ல போற மாதிரி கடிச்சா அந்த இடம் மெத்து. வீடு எப்பவாச்சும் பத்தி எரிஞ்சிருந்தா, இல்லாட்டி யாரும் கத்திய அடுப்புக்குள்ள விட்டு நெருப்புத் தள்ளியிருந்தா இப்படி மெத்துப் போயிரும். 1990ல யுத்தத்துல எரிஞ்ச வீடுகள்ல இருந்து எடுத்த கத்திகள் கனக்க இப்படித்தான், பாக்க முழுசா இருக்கும், வெட்டாது. அதுக்கு மட்டும்தான் கொல்லன் வேணும், திரும்பக் காய்ச்சித் தோய்ச்சு எடுக்கிறதுக்கு. மற்றதெல்லாம் வீட்டுத் திண்ணையில இருந்து செய்யலாம்.

மூண்டாவது, கத்தி முழுக்க உருக்கா, இல்லாட்டி வாயில மட்டும் உருக்கா. பழைய கத்தி கனக்க உடம்பு பச்சை இரும்பு, அதாவது பதம் ஏறாத மெத்து இரும்பு, வாய்ல மட்டும் ஒரு துண்டு உருக்க வெச்சு நெருப்புல ஒட்டி அடிச்சது, உருக்கு அந்த நாள்ல விலை கூடின சாமான். கொஞ்ச இடத்தச் சுத்தமாக்கி தேசிக்காய்த் துண்டால தேய்ச்சு சில நிமிசம் விட்டுக் கழுவிப் பாருங்க. வாய்ப் பக்கம் கறுத்து முதுகுப் பக்கம் சாம்பல் நிறமா நிண்டு நடுவுல ஒரு கோடு தெரிஞ்சா அது ஒட்டின கத்தி. அந்தக் கோட்டுக்கும் வாய்க்கும் இடையில எவ்வளவு அகலம் கிடக்கோ அதுதான் அந்தக் கத்திட மிச்ச ஆயுசு, கோட்டைத் தாண்டித் தேஞ்சா பிறகு பச்சை இரும்புதான். சின்ன விரல் அகலம் இருந்தா உங்கட பேரப்பிள்ளையும் பாவிக்கும். பிற்காலத்துக் கத்தி எண்டா லொறி ஸ்பிரிங் தட்டுல அடிச்சதா இருக்கும், அது முழுக்க உருக்கு, அடி நல்லாத் தாங்கும், கோடு தெரியாது.

இனிக் கறளுக்கு வருவம். சிவப்பா, தூளா, கையில ஒட்டுறது கெட்டது, அது காத்துல இருக்கிற ஈரத்தப் பிடிச்சு வெச்சு உள்ளுக்கு உள்ளுக்குத் தின்னும். கறுப்பா, இறுக்கமா, நகத்தால சுரண்டினா வராதது வேற சாதி, அது இரும்ப மூடிக் காக்கிற தோல். ஆக்கள் இத ரெண்டையும் ஒண்டா நினைச்சு உரிச்சு எடுக்கிறதுதான் பெரிய அநியாயம். சிவப்ப எடுக்க மண்ணெண்ணெயோ தையல் மெசின் ஒயிலோ தாராளமா பூசி ஒரு இரவு ஊற விடுங்க, கெதிப்பட வேணாம். அடுத்த நாள் தென்னந்தும்ப உருண்டையாச் சுருட்டி உமிச்சாம்பல் தொட்டுத் தேயுங்க. நான் இத சும்மா பழம்பெருமைக்குச் சொல்லல்ல, உமிச்சாம்பல்ல பத்துல எட்டுப் பங்குக்கு மேல சிலிக்கா, கடையில விக்கிற மினுக்குற தூளோட வேலைதான் அது, ஆனா சரியான மென்மை, கறுப்பக் கிழிக்காம சிவப்ப மட்டும் தூக்கும். எங்கட பக்கத்து அரிசி மில்லுகள்ல கேட்டா சும்மாவே தருவாங்க, கல்லு மண் இல்லாம அரிச்சு எடுங்க, ஒரு மணல் துணிக்கை கிடந்தாலும் அலகுல கீறல் விழும். சாம்பலுக்கு அசையாத தடிச்ச பொருக்க ஒரு செப்புச் சல்லியால, இல்லாட்டி பித்தளைத் துண்டால சுரண்டுங்க, செப்பும் பித்தளையும் உருக்க விட மெத்து, அதால அலகுல கீறாது. அதுக்கும் மசியாட்டி கடைசியா 600 இலக்க எமரிப் பேப்பர எண்ணெயில நனைச்சு, முதுகுல இருந்து முனைக்கு ஒரே திசையில. சுத்திச் சுத்தித் தேய்க்க வேணாம். அலக ஒரு பலகையில படுக்க வெச்சு இறுக்கிப்போட்டுச் செய்யுங்க, கையில பிடிச்சுக்கொண்டு தேய்ச்சா பழைய மொண்டிக் கத்திதானே எண்டு நினைக்கிற கத்தியே கைய அறுக்கும்.

வினாகிரிக்குள்ள ஊறப்போடுறது, கோலாக்குள்ள ஊறப்போடுறது எல்லாம் காணொளில காட்டுவாங்க. வேல செய்யும்தான், ஆனா அமிலத்துக்கு கறளும் இரும்பும் ஒண்டு. ராவைக்குப் போட்டு விடிய எடுத்தா அலகு முழுக்க கொத்திக் கிடக்கும். அப்படிச் செய்யத்தான் வேணும் எண்டா அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாத்து, முடிஞ்ச உடன அப்பச்சோடாத் தண்ணியில கழுவி உடனேயே காயவைங்க.

உங்கட சாமானுக்கு இன்னொரு பிரச்சினை கிடக்கு, அதுதான் உப்பு. இத நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லோணும், ஏனெண்டா கல்லடி, நாவலடி, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் எண்டு கரையோரத்துல 2004ல தண்ணி வந்த வீடுகள்ல எடுத்த இரும்புச் சாமான் எல்லாத்துக்கும் இது பொது. கடல் தண்ணிட உப்பு கறளுக்கு அடியில, குழிகளுக்குள்ள போய்க் குந்திக்கொள்ளும். மேலால நீங்க எவ்வளவு வடிவாத் துடைச்சாலும் உள்ளுக்குள்ள உப்பு கிடக்கும் வரைக்கும் காத்துல ஈரம் ஏறின உடன அது திரும்பவும் வேலயத் தொடங்கும். அடையாளம் லேசு, மாரி தொடங்கி மழை பிடிச்ச நாள்கள்ல அலகுல ஊசிமுனை அளவுல கபிலநிறத் துளி துளியா வேர்த்திருக்கும், துடைச்சா அடுத்த நாளும் அதே இடத்துல. எண்ணெய் பூசினா நிக்காது, உப்புக்கு மேல எண்ணெய் பூசுறது புண்ணுக்கு மேல சட்டை போடுற கதைதான். உப்ப வெளிய எடுக்கோணும். பிடியக் கழட்டிப்போட்டு (எப்படி எண்டு கீழ சொல்லுறன்) அலக மட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியில மழைத்தண்ணி நிரப்பி ஊறப்போடுங்க, ஒரு லீற்றருக்கு ரெண்டு மேசைக்கரண்டி அளவு வோஷிங் சோடா, உடுப்புத் தோய்க்கிற சோடா, அப்பச்சோடா இல்ல, கரைச்சு. வோஷிங் சோடா போட்ட தண்ணிக்குள்ள இரும்பு கறள் பிடிக்காது, உப்பு மட்டும் மெதுவா வெளிய கசியும். கரையோரத்துக் கிணத்துத் தண்ணி வேணாம், அதுலயே உப்பு இருக்கும், மழைத்தண்ணி இல்லாட்டி கடையில விக்கிற, பட்டறிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்குங்க. கிழமைக்கு ஒருக்கா தண்ணிய மாத்தி மாத்தி ரெண்டு மாசமாச்சும் விடுங்க. பொறுமை வேணும், ஆனா இதுக்குக் குறுக்கு வழி இல்ல.

ஊறி முடிஞ்சாப்புறம் நல்ல தண்ணியில கழுவி, சுத்தமான மழைத்தண்ணியில பத்து இருபது நிமிசம் கொதிக்க விட்டு எடுங்க. இதுல ஒரு வடிவான விசயம் நடக்கும். குழிகளுக்குள்ள மிஞ்சின சிவப்புக் கறள் கொதி தண்ணியில கறுப்பா மாறும், ரெண்டுமே இரும்பும் ஒட்சிசனும் சேந்ததுதான், கறுப்பு மட்டும் நிண்டு பிடிக்கிற சாதி. சூட்டோட சூடா எடுத்தா அலகு தானே காஞ்சிரும், உடன எண்ணெய் போட்டுருங்க. கொதி தண்ணி 100 பாகைதானே, பதத்துக்கு ஒண்டும் ஆகாது.

பிடி. பழைய கத்தியில அலகிட வாலு பிடிக்குள்ள இறங்கியிருக்கும், ஆணி கிடையாது, அரக்கு உருக்கி ஊத்தி இறுக்கினது. அரக்கு 75, 80 பாகையில இளகிரும், அதால கழட்டுறதும் சுகம், பிடியோட கழுத்துப் பக்கத்தக் கொதி தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் பிடிச்சு, தடிச்ச சாக்குத்துணியால அலகப் பிடிச்சுக்கொண்டு முறுக்காம நேரா இழுத்தா வந்திரும். அடிச்சுக் கழட்ட வேணாம், பிடி பிளந்திரும். அரக்குப் பிடி போட்ட கத்திய சுடுதண்ணியில பாத்திரத்தோட ஊறப்போடக் கூடாது எண்டுறதும் இதாலதான். பழைய அரக்கச் சுரண்டி எடுத்துப்போட்டு, அரக்கோ குங்கிலியமோ உருக்கி அதுக்குள்ள நல்லா அரிச்ச செங்கல் தூள் அரைவாசியும் தேன்மெழுகு கொஞ்சமும் கலந்து ஓட்டைக்குள்ள ஊத்துங்க. வாலச் சூடாக்கி இறக்கோணும், அப்ப அலகுக்கு ஈரச் சீலையச் சுத்தி வைங்க, சூடு வாய்ப் பக்கம் ஏறாது. அரல்டைட் பசை போட்டாலும் பிடிக்கும்தான், ஆனா அரக்கு போட்டா இன்னும் அம்பது வருசத்தால வாற ஆள் லேசாக் கழட்டலாம்.

பிடிட மரத்துல நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கு எண்டு மாத்திப் போடாதீங்க. அப்பப்பாட கை பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்ச பள்ளம் அதுல கிடக்கும், பெருவிரல் வைக்கிற இடம் தடவினாலே விளங்கும், அத எந்த ஆசாரி புதுசாச் செதுக்குவார்? ஆளிவிதை எண்ணெய மெல்லிசா பூசி, ஊறினாப்புறம் மிச்சத்தத் துடைச்சு, ரெண்டு நாள் விட்டுத் திரும்பவும். துடைச்ச சீலையச் சுருட்டி மூலைக்குள்ள போடாதீங்க, இந்த எண்ணெய் காயக்குள்ள தானாச் சூடாகி சீலை பத்தி எரியும், உண்மையா எரியும், விரிச்சு வெயில்ல காயப்போட்டு எறியுங்க. பிடி முழுசா உளுத்துப் போயிருந்தா மட்டும் முதிரையோ பாலையோ நல்லாக் காஞ்ச துண்டு ஒண்டு தேடுங்க, பழைய யன்னல் நிலையில இருந்து வெட்டின துண்டு எண்டா இன்னும் நல்லம்.

தீட்டுறதுக்கு கிணத்துக்கட்டு, சீமெந்துப் படி எல்லாத்தையும் மறந்திருங்க. சீமெந்துக்குள்ள இருக்கிற மணல் ஒரே அளவு இல்ல, ஒரு பெரிய கல்லு தட்டுப்பட்டா வாய் பல்லுப் பல்லாப் போகும். ஹாட்வெயார்ல ஒரு பக்கம் பரும், ஒரு பக்கம் மென்மை எண்டு கார்பொரண்டம் கல் கிடக்கு, விலையும் பெரிசா இல்ல, தண்ணி விட்டுத் தீட்டுங்க. குசினிக் கத்திக்குச் சரிவு ஒரு பக்கம் 20 பாகை. அளக்கச் சாமான் தேவையில்ல, கத்தியக் கல்லுல நட்டமா நிப்பாட்டுங்க, அரைவாசி சாய்ச்சா 45, அதையும் அரைவாசி சாய்ச்சா 22, அதுக்கும் ஒரு துளி கீழ. வெட்டுக்கத்திக்கு 30 வரைக்கும் விடுங்க, அதுட வாய் தட்டையா இருக்காது, லேசா வயிறு வெச்சிருக்கும், அந்த வயிறுதான் மரத்துல இறுகாம வெட்டு விலகிவரச் செய்யிறது, அதத் தட்டையாக்கிப் போட்டு வெட்டுக்கத்தி சிக்குது எண்டு சொல்லாதீங்க. ஒரு பக்கத்தையே தீட்டிக்கொண்டு போனா மற்றப் பக்கத்துல ஒரு பிசிறு எழும்பும், பெருவிரல வாய்க்குக் குறுக்கால, வெளிப்பக்கமா இழுத்தா நகத்துல தட்டுற மாதிரி சுரசுரக்கும். வாய் நீளத்துக்கும் அது வந்தாப்புறம்தான் மற்றப் பக்கம். பிசிறு வராம பக்கம் மாத்துறதாலதான் கனக்க ஆக்கள் மணித்தியாலக் கணக்குல தீட்டியும் கூர் வரல்ல எண்டு அலுக்கிறது. கடைசியா மென்மைப் பக்கத்துல ஆறுதலா மாத்தி மாத்தி, பிறகு பழைய தோல் பெல்ட்டுல பின்பக்கமா இழுத்து விடுங்க. அலகு நடுவுல குழிஞ்சு தேஞ்சிருந்தா நேராக்க நினைக்க வேணாம், அந்தக் குழி அவர் தீட்டின விதம், நேராக்கப் போனா விரல் அகலத்துக்கு நல்ல உருக்கு வீணாப் போகும்.

பூசுறதுக்கு குசினிக் கத்தி எண்டா தேங்காய் எண்ணெய் காணும், அது காஞ்சு பிசுபிசுக்காது. நல்லெண்ணெய் வேணாம், கொஞ்ச நாள்ல பசை மாதிரி ஒட்டி தூசியப் பிடிக்கும். சாப்பாட்டுக்குப் பாவிக்காத சாமானுக்குத் தையல் மெசின் ஒயில். பேப்பர்ல சுத்தி வைக்காதீங்க, தோல் உறைக்குள்ளயும் விட்டு வைக்காதீங்க, ரெண்டும் ஈரத்த உறிஞ்சி இரும்போட ஒட்டி வெச்சிருக்கும், தோல்ல பதனிட்ட உப்பும் கிடக்கும். எண்ணெய்ச் சீலையால சுத்தி காத்தோட்டமா உயரத்துல வைங்க. ஐப்பசில இருந்து தை வரைக்கும் மாசம் ஒருக்கா எடுத்துத் துடைக்கோணும், மற்ற மாசங்கள்ல எப்பயாச்சும். சரஸ்வதி பூசைக்கு வைக்கிறவங்க சந்தனம் குங்குமம் வெச்ச இடத்த விசயதசமி முடிஞ்ச கையோட துடைச்சு எண்ணெய் போடுங்க, ஈரச்சந்தனம் காயக்குள்ள அதுக்குக் கீழ வட்டமாக் கறள் பிடிக்கும். ஹஜ்ஜுக்கு குர்பான் கத்தி எடுக்கிற வீடுகள்லயும் இதேதான், ரெத்தத்துல உப்பு, வேல முடிஞ்ச உடன கழுவிக் காயவெச்சுத்தான் வைக்கோணும்.

ஆனா நல்ல பராமரிப்பு பாவிக்கிறதுதான். குசினிக் கத்திய குசினிக்கே குடுங்க. வாழைக்காய், மாங்காய், வெங்காயம் எண்டு வெட்ட வெட்ட அலகு நீலமும் சாம்பலுமா கறுத்து வரும், அது ஊத்தை இல்ல, கிரைண்டர் சூட்டுல ஓடுற நீலமும் இல்ல, கறளுக்கு எதிரான காவல். முதல் கொஞ்ச நாள் வெட்டினதுல லேசா இரும்பு மணம் அடிக்கும், மறுகா நிண்டிரும். மீன் வெட்டினா மட்டும் சட்டி கழுவும் வரைக்கும் போட்டு வைக்காம அந்த நேரமே கழுவித் துடைக்கோணும்.

பாக்குவெட்டிக்கு எமரிப் பேப்பர் கிட்டயே கொண்டு போகாதீங்க, பித்தளைல கொத்தின பூவும் புள்ளியும் அழிஞ்சா அதுட பெறுமதியே போச்சு. சவுக்காரத் தண்ணியும் பழைய பல் பிரசும் காணும், பச்சைக் களிம்பு மட்டும் தேசிப்புளி தொட்ட பஞ்சால, உடன கழுவி. மேல் அலகு மட்டும்தான் கூர், கீழ் அலகு பாக்குத் தாங்குற மேசை, அதத் தீட்டினா பாக்கு வழுக்கும்.

வில்லுக்கத்தியில எழுத்த நல்ல வெளிச்சத்துல பாருங்க. ஷெஃபீல்ட் எண்டும் ஒரு நட்சத்திரமும் சிலுவையும் இருந்தா அது ஜோசப் ரொஜர்ஸ் கொம்பனி, அந்த நாள்ல பெரிய பேர். முடியும் வி.ஆர். எண்டும் கிடந்தா விக்டோரியா ராணி காலத்து அடையாளம், அவ 1901 வரைக்கும், ஜி.ஆர். எண்டா ஜோர்ஜ் மன்னர்கள்ட காலம். ஸ்டெயின்லெஸ் எண்டு அடிச்சிருந்தா 1913க்கு முதல் இருக்க ஏலா, ஹரி பிரியர்லி எண்டவர் ஷெஃபீல்ட்ல அந்த உருக்க வார்த்ததே அந்த வருசம்தான். எழுத்து இருக்கிற இடத்துல சாம்பல் கூடப் போடாதீங்க, எண்ணெய் பஞ்சு மட்டும். மடங்கிற மூட்டு இறுகியிருந்தா இடுக்கியால இழுத்துத் திறக்க வேணாம், வில்லு முறிஞ்சா அதே மாதிரி ஒண்டு கிடையாது. மூட்டுல தையல் மெசின் ஒயில் ரெண்டு துளி விட்டு வெயில்ல வைங்க, அடுத்த நாளும் ரெண்டு துளி, தானா அசையத் தொடங்கினாப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து மூடுங்க, கபில எண்ணெய் வெளிய வந்து சுத்தமான எண்ணெய் வரும் வரைக்கும் துடைச்சுத் துடைச்சு விடுங்க.

பிடி மான்கொம்பு எண்டா அத விக்கிற கதைக்கே போகாதீங்க தம்பி, வனசீவராசிச் சட்டத்துல மாட்ட ஏலும், வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். அண்ணன் கேட்டா முதல்ல குசினிக் கத்திய மட்டும் உங்கட கையால செய்து காட்டுங்க, வெட்டுக்கத்தி வோஷிங் சோடாவுக்குள்ள ஊறுற ரெண்டு மாசத்துக்குள்ள அது முடிஞ்சிரும்.